டீசல் காரா, பெட்ரோல் காரா?

ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு முப்பத்தைந்து ஆண்டுகள் காலம் தள்ளியவன் என்பதால், கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பது வழக்கமாகிவிட்டது. ரயில் எஞ்சினுக்கும் வீட்டுக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. சமீபத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் மாட்டுங்காவில் வசிக்கும், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர். மற்றவன் தாராவியில் இருக்கும் என் தங்கை மகன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். இருவருக்கும் ஒரே கேள்விதான், ஆனால் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. ஏன் என்பதை நம் வாசகர்களுக்கும் விளக்கி எழுதலாமே என்று நண்பர் சொன்னதால் இக்கட்டுரை.

முதலில் என் சொந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் சொல்வதை நம்புவீர்கள்.

2012ஆம் ஆண்டின் நடுவில் செம்பூரில் நான் ஒரு டீசல் கார் வாங்கினேன். அந்த மே மாதம் பெட்ரோல் விலையை ஒரேயடியாக உயர்த்தினார்கள். டெல்லி விலைப்படி பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். முப்பத்திரண்டு ரூபாய் வித்தியாசம்! பெட்ரோல் கார் வாங்குகிறவன் விவரமில்லாதவன் என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலம். அதே கார் டீசலில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் அதிகம். பையன் புனேயில் படித்துக்கொண்டிருந்தான். மாதம் இருமுறை போய்வருவோம், வருடத்துக்கு ஒருமுறை திருநெல்வேலிக்கும் காரிலேயே போவோம், மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும், இரண்டரை வருடத்துக்குள் அந்த ஒரு லட்சம் திரும்பிவிடும் என்று நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டேன். "ரயில்வே பாஸ் இருக்கும்போது திருநெல்வேலிக்கு எதற்குக் கார்?" என்று என் மனைவி அப்போதே கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

நடந்தது வேறு. பையன் 2014இல் மேற்படிப்புக்கு ஜெர்மனி போய்விட்டான். புனே பயணம் நின்றது. திருநெல்வேலிக்கு மனைவி சொன்னபடி ரயிலில்தான் போனோம். செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு, மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு. சேட்டா நகர் முருகன் கோயில், மருத்துவமனை, கல்யாண வீடு. 2021இல் விற்றபோது மீட்டரில் 41,000 கிலோமீட்டர். ஒன்பது ஆண்டுகளில்! அதாவது மாதம் 380 கிலோமீட்டர். நோட்டின்படி எரிபொருளில் மிச்சப்பட்டது 80 ஆயிரத்துச் சொச்சம். அதற்காக முதலில் கொடுத்தது ஒரு லட்சம். நடுவில் கரி அடைத்து வால்வும் ஓர் இன்ஜெக்டரும் மாற்றியதில் 38 ஆயிரம். டீசல் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் என் வீட்டு ஓட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

லிட்டர் என்னும் அளவு

"டீசல் கார் லிட்டருக்கு 18 கொடுக்கிறது, பெட்ரோல் 14தான் கொடுக்கிறது" என்று சொல்கிறோம். சம அளவுள்ள கார்களுக்கு நகர ஓட்டத்தில் இது ஏறக்குறைய சரியே. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு லிட்டர் கெட்டிப் பாலும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாலும் ஒன்றாகுமா? ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். ஒரு லிட்டர் டீசல் சுமார் 835 கிராம். எடை கூடுதல் என்பதால் எரியும்போது வரும் வெப்ப சக்தியும் லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் கூடுதல். ஆக 14க்கும் 18க்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி, எஞ்சினின் சாமர்த்தியம் அல்ல. லிட்டருக்குள் அதிகச் சரக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். 2025 முதல் நாடு முழுவதும் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலின் வெப்ப சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கலப்புப் பெட்ரோலின் சக்தி லிட்டருக்கு ஆறு, ஏழு சதவீதம் குறைகிறது. "என் வண்டி முன்போல் மைலேஜ் கொடுக்கவில்லை" என்று அங்கலாய்ப்பவர்கள் மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புகையைப் பற்றியும் இதே சூட்சுமம்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.65 கிலோ. மேலே சொன்ன மைலேஜைக் கொண்டு வகுத்தால் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 164 கிராமும் டீசல் கார் 147 கிராமும் வெளிவிடும். மைலேஜில் முப்பது சதவீத வித்தியாசமாகத் தெரிந்தது இங்கே பத்து சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது

மீதிப் பாதி எஞ்சினின் சாமர்த்தியம்தான். அதை மறுக்க முடியாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும் என்ற இந்தச் சின்ன உண்மையின் மேல்தான் ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினைக் கட்டினார். ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் அது வெற்றிகரமாக ஓடியது. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் கலந்து சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்கி, பிளக்கில் தீப்பொறி போட்டுக் கொளுத்துகிறது. அதற்கு மேல் அமுக்கினால் கலவை தானாகவே நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து எஞ்சின் தட்டும். டீசலில் வெறும் காற்றை மட்டும் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக அமுக்குகிறோம். அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது, பிளக் வேண்டாம். எவ்வளவுக்கு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு, எரிந்த வாயு விரியும்போது வேலையும் அதிகம் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பம்பாய்வாசிகளுக்கு அதுதான் முக்கியம். பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் குறைப்பது எப்படி? காற்று வரும் குழாயில் ஒரு கதவை மூடுகிறோம். அதாவது மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சுவிடச் சொல்கிறோம். சயான் சிக்னலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் தன் சக்தியில் ஒரு பகுதியை இந்த மூச்சுத் திணறலுக்கே செலவழிக்கிறது. டீசலில் காற்றை நெரித்து வேகத்தைக் குறைப்பதில்லை. பீய்ச்சும் டீசலைத்தான் குறைக்கிறோம். ஆகவே நெரிசலில் நின்று நின்று போகும்போதும் அது அதிகம் குடிப்பதில்லை. (கார் எஞ்சினைச் சொல்கிறேன். வாரணாசியில் 1964 முதல் செய்த எங்கள் 2,600 குதிரைசக்தி ஆல்கோ எஞ்சின் சும்மா நின்றாலே மணிக்கு 25 லிட்டர் குடிக்கும். ஷெட்டில் அணைக்காமல் விட்டுப்போகும் டிரைவர்களோடு நாங்கள் போட்ட சண்டை தனிக் கதை.)

இத்தனை நல்ல குணத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அவ்வளவு அமுக்கத்தையும் தாங்க எஞ்சின் கனமாக இருக்கவேண்டும். இன்ஜெக்டரும் பம்பும் நுணுக்கமான, விலையுயர்ந்த சாமான்கள். அத்துடன், பீய்ச்சிய டீசல் துளிகள் காற்றோடு சீராகக் கலக்க நேரமில்லாததால் நடுவில் எரியாத கரி மிஞ்சும். ஓரத்தில் அதிகச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நச்சு வாயுவாகும். ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். நூறாண்டுகளாக டீசல் எஞ்சினியர்களின் தலைவலி இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையிலேயே சேர்த்தது 2012 ஜூனில். நான் கார் புக் செய்த அதே பருவம்.

நம் ஊரில் டீசல் மலிந்த கதை

டீசல் நம் நாட்டில் மலிவாக இருந்ததற்கு எஞ்சின் காரணமல்ல. லாரி, பஸ், ரயில், விவசாயியின் பம்புசெட் எல்லாம் டீசலில் ஓடியதால் அரசாங்கம் அதன் விலையைத் தாழ்த்தி வைத்தது. பெட்ரோல் பணக்காரர்கள் போடுவது என்று அதன்மேல் வரியை ஏற்றியது. 1990களில் டீசல் பெட்ரோலின் பாதி விலையை ஒட்டியும், சில வேளைகளில் அதற்கும் கீழேயும் விற்றது.

விலை இப்படி இருந்தால் மனிதன் என்ன செய்வான்? பம்பாய் டாக்சிக்காரர்கள் செய்ததைத்தான் செய்வான். குர்லாவில் உற்பத்தியான பிரீமியர் பத்மினி பெட்ரோல் வண்டியாகப் பிறந்தது. ஒரு கட்டத்தில் அதற்குள் டீசல் எஞ்சின் புகுந்தது. 1990களின் நடுவில் கம்பெனியே 137டி என்ற பெயரில் டீசல் பத்மினியை விற்றது. அன்றைய டீசல் எப்படிப்பட்டது? 1996க்கு முன் அதில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கலாம். இன்று அனுமதிக்கும் அளவு பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. அதாவது அன்று ஆயிரம் மடங்கு. மாஹுலில் 1954, 1955இல் தொடங்கிய இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் ஒரு பக்கம், இந்த டாக்சி, லாரிப் புகை இன்னொரு பக்கம். செம்பூரை "கேஸ் சேம்பர்" என்று பத்திரிகைகள் கேலி செய்த காலத்தில் அங்கே குடியிருந்தவர்கள் நாங்கள். மழைக்காலம் முடிந்து பனி இறங்கினால் என் மனைவிக்கு இரவில் வீசிங். ஜன்னலைத் திறந்தாலும் கஷ்டம், மூடினாலும் கஷ்டம்.

1999இல் புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்போர் அமைப்பு ஒன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. லால் கமிட்டி அமைந்தது. அதன்பின் வந்த உத்தரவுகளால் பழைய டாக்சிகள் படிப்படியாக ஒழிந்தன, மற்றவை சி.என்.ஜி.க்கு மாறின. இன்று தாராவியிலும் சயானிலும் நிற்கும் டாக்சிகளின் பின்னால் நின்று மூச்சுவிட முடிகிறது என்றால் அந்த வழக்குக்கும் அதில் பங்குண்டு. கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு விடைபெற்றது.

டாக்சிக்காரர் பிழைப்புக்காக டீசல் போட்டார், அதையாவது புரிந்துகொள்ளலாம். அதன் பிறகு வந்தவர்கள் யார்? 1998 இறுதியில் டாடா இண்டிகா, 2007இல் டீசல் ஸ்விஃப்ட். ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் எஞ்சின் ஒன்றே மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி வண்டிகளுக்குள் போனது. அதை "தேசிய எஞ்சின்" என்றே வேடிக்கையாகச் சொல்வார்கள். 2012-13இல் நாட்டில் விற்ற பயணிகள் வண்டிகளில் பாதிக்கு மேல் டீசல். விவசாயிக்கும் பஸ் பயணிக்கும் என்று வைத்த சலுகை, இருபது லட்ச ரூபாய் வண்டியின் டாங்கியில் போய் விழுந்தது. 2010இலேயே கிரித் பாரிக் தலைமையிலான குழு, டீசல் கார்களுக்கு 80,000 ரூபாய் கூடுதல் வரி போட்டு இதைச் சரிக்கட்டலாம் என்று சொன்னது. அரசாங்கம் கேட்கவில்லை. போட்டிருந்தால் நானும் பெட்ரோல் கார் வாங்கி 38 ஆயிரம் மிச்சம் பிடித்திருப்பேன்!

விலை மாறிய வேகம்

2013 ஜனவரி முதல் டீசலை மாதம் ஐம்பது பைசா வீதம் ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் வரியைக் கவனியுங்கள். 2014 ஏப்ரலில் மத்திய கலால் வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 9 ரூபாய் 48 பைசா, டீசலுக்கு 3 ரூபாய் 56 பைசா. 2020 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 பைசா, டீசலுக்கு 31 ரூபாய் 83 பைசா. பெட்ரோல் வரி மூன்றரை மடங்கானது. டீசல் வரி ஒன்பது மடங்கானது! அதே ஜூனில் டெல்லியில், சரித்திரத்தில் முதன்முறையாக, டீசல் பெட்ரோலைவிடச் சில பைசா அதிகமாக விற்றது.

முன்பு சொன்ன 14, 18 மைலேஜை வைத்தே பாருங்கள். 2012 விலையில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 93 பைசா மிச்சம் கொடுத்தது. 2020 ஜூன் விலையில் 1 ரூபாய் 26 பைசா. ஒரு காரின் ஆயுள் பதினைந்து ஆண்டு. அதற்குள் எட்டே ஆண்டில் ஆதாயம் பாதிக்கும் கீழே போய்விட்டது. எஞ்சின் அதே எஞ்சின்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகளும் வந்தன. டீசல் காரின் புகைக் குழாயில் கரி வடிகட்டி வைத்தாக வேண்டும். நச்சு வாயுவைக் கட்டுப்படுத்தத் தனிச் சாதனம் வேண்டும். சில வண்டிகளுக்கு யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். சின்னக் காருக்கு இந்தச் செலவு கட்டுபடியாகாது என்று மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. பாதிக்கு மேல் இருந்த டீசல் விற்பனை பத்தாண்டுக்குள் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது.

மற்ற நாடுகளில்

நம் பிள்ளைகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். "அங்கே எல்லாரும் டீசல்தான்", "இங்கே டீசல் காரே கிடையாது" என்று போனில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டும் உண்மையே. காரணம் அந்தந்த நாட்டு வரிதான்.

ஜெர்மனியில் லிட்டருக்கான எரிபொருள் வரி டீசலுக்கு 47 சென்ட், பெட்ரோலுக்கு 65 சென்ட். ஆனால் ஆண்டு வாகன வரியில் இதைத் திருப்பி வாங்கிவிடுகிறார்கள். 2009 முதல் உள்ள முறைப்படி ஒவ்வொரு 100 சிசிக்கும் பெட்ரோல் காருக்கு 2 யூரோ, டீசல் காருக்கு 9 யூரோ 50 சென்ட். 2,000 சிசி கார் என்றால் 40 யூரோவுக்குப் பதில் 190 யூரோ. அந்த 150 யூரோவை எரிபொருள் வரியில் மீட்க வருடம் சுமார் 800 லிட்டர் டீசல் போட வேண்டும். அதாவது பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்குமேல் ஓட வேண்டும். நிறைய ஓடுகிறவன் டீசல் வாங்கட்டும், குறைவாக ஓடுகிறவன் வாங்கவேண்டாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்ததுபோல் இருக்கிறது. என் பையன் இதை விளக்கியபோது, 2012இல் இப்படி ஒரு பில் எனக்கு யாராவது அனுப்பியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கிலாந்தில் இரண்டுக்கும் ஒரே எரிபொருள் வரி. ஆனால் 2001இல் வாகன வரியைக் கரியமில வாயுவின் அளவுப்படி மாற்றினார்கள். டீசலுக்குப் பத்து சதவீதம் சாதகம் இருக்கிறதே, ஜனங்கள் டீசலுக்குப் பாய்ந்தார்கள். மேற்கு ஐரோப்பாவில் 2011 வாக்கில் புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல். கரியமில வாயுவை எண்ணினார்கள், கரியையும் நைட்ரஜன் நச்சையும் சரியாக எண்ணவில்லை. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு குட்டை உடைத்தது: சோதனைக் கூடத்தில் மட்டும் சுத்தமாக ஓடி, சாலையில் நச்சைக் கக்கும்படி வோக்ஸ்வேகன் கம்பெனி கம்ப்யூட்டரில் தந்திரம் செய்திருந்தது. உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். அதன்பின் ஐரோப்பிய டீசல் சரிந்தது. 2024இல் புதுக் கார்களில் எட்டில் ஒன்றுகூட இல்லை. லண்டனில் 2019இல் நகர மையத்திலும் 2023 ஆகஸ்டிலிருந்து நகரம் முழுவதிலும், விதிக்குட்படாத வண்டி ஓட்டினால் நாளுக்கு பன்னிரண்டரைப் பவுன் கட்ட வேண்டும். பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தில் இருந்தால் போதும். டீசல் கார் யூரோ 6ஆக இருக்கவேண்டும். அரசாங்கத்தின் பேச்சைக் கேட்டு டீசல் வாங்கியவர்களே அபராதம்போல் கட்ட நேர்ந்தது.

அமெரிக்காவில் நேர்மாறு. மத்திய அரசின் வரி காலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். அங்கே லாரிதான் டீசல். கார் வாங்குகிறவனுக்கு ஆதாயமே இல்லை. சிங்கப்பூரில் டீசல் காருக்குத் தனிச் சிறப்பு வரி. டோக்கியோவில் கவர்னர் இஷிஹாரா 1999இல் கரி நிரம்பிய பாட்டிலைக் கையில் தூக்கிக் காட்டியே டீசலுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்.

நம் இருவரின் கணக்கு

மாட்டுங்கா நண்பருக்கு வருவோம். 2024 ஜூலையில் வரியைக் குறைத்தபின் மும்பையில் பெட்ரோல் 103 ரூபாய் 50 பைசாவை ஒட்டியும் டீசல் 90 ரூபாயை ஒட்டியும் நின்றது, அதையே வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 39 பைசா, டீசலுக்கு 5 ரூபாய். மிச்சம் 2 ரூபாய் 39 பைசா. கார் விலை பெட்ரோல் எட்டரை லட்சம், டீசல் ஒன்றே கால் லட்சம் அதிகம் என்று வையுங்கள். மகாராஷ்டிரத்தில் பத்து லட்சத்துக்குள்ளான பெட்ரோல் காருக்குச் சாலை வரி 11 சதவீதம், டீசலுக்கு 13 சதவீதம். வரியில் மட்டும் 33,250 ரூபாய் கூடுகிறது. ஆக மொத்தம் 1,58,250 ரூபாய் அதிகம். இதை 2 ரூபாய் 39 பைசாவால் வகுத்தால் 66 ஆயிரம் கிலோமீட்டர்.

"மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள் சார்?" என்று கேட்டேன். "ஐநூறு இருக்கும்" என்றார். 66 ஆயிரத்துக்குப் பதினோரு ஆண்டு. அவருக்கு வயது 66. இருவரும் சிரித்துவிட்டோம். பெட்ரோல் கார் எடுத்துக்கொண்டார்.

தங்கை மகன் கதை வேறு. ஏழு பேர் உட்காரும் வண்டி. ஷீரடி, மகாபலேஷ்வர், வருடத்துக்குப் பல தடவை தாராவி ஜனங்களை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி. அதுவே ஒரு வழி சுமார் 1,600 கிலோமீட்டர். மாதம் 2,500க்குக் குறையாது. அதே 66 ஆயிரம் அவனுக்கு இரண்டு வருடம் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். பெரிய வண்டி, ஆள் சுமை, லோணாவளா மலையேற்றம் எல்லாவற்றிலும் டீசலின் இழுவை உதவும். சி.என்.ஜி. இன்னும் மலிவுதான், 2025இல் கிலோ 80 ரூபாயை ஒட்டி இருந்தது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவனுக்கு அதையே சொல்லியிருப்பேன். ஆனால் பின்னால் சிலிண்டர் வைத்தால் ஏழு பேரின் பெட்டியை எங்கே வைப்பது? நெடுவழியில் பம்பைத் தேடி வரிசையில் நிற்க அவனுக்கு நேரமும் இல்லை.

ஆனால் அவன் கேட்க வந்தது அதைக்கூட அல்ல. "மாமா, டெல்லி வண்டி ஒண்ணு வருது. எட்டு வருஷ டீசல். பாதி விலைக்குத் தாரேன்னு சொல்றாங்க. கடன்கூட அதிகம் வாங்க வேண்டாம்" என்றான்.

ஏன் பாதி விலை? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் டெல்லி வட்டாரத்தில் பத்து வயது கடந்த டீசல் வண்டிகளைத் தடுத்தது. உச்ச நீதிமன்றமும் 2018இல் அதை உறுதி செய்தது. 2025இலும் அந்த வழக்கில் புதிய உத்தரவுகள் வந்தபடி இருந்தன. பயத்தில் அங்கே விற்கிறார்கள், மலிவு என்று மற்ற ஊர்களில் வாங்குகிறார்கள். இங்கே கொண்டுவந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்றிதழ், இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் அவன் தலையில். அதைவிடப் பெரிய விஷயம், 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் மகாராஷ்டிர அரசும் மும்பை வட்டாரத்தில் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக நிறுத்த முடியுமா என்று ஆராய ஏழு பேர் குழுவை அமைத்தது. எட்டு வயது பி.எஸ்.4 டீசல்தான் எந்த விதி வந்தாலும் முதலில் மாட்டும். பிழைப்புக்கு வாங்குகிற வண்டியை விதி நிறுத்திவிட்டால் கடன் நிற்காது. "வாங்குவதானால் பி.எஸ்.6 வண்டியாக வாங்கு, கடன் ஐந்து வருடத்துக்குள் முடியட்டும், அதற்குள் வண்டி தன் விலையைச் சம்பாதித்துவிடும்" என்றேன். மூன்று நாள் பேசாமல் இருந்தான். பிறகு இரண்டு வயதான பி.எஸ்.6 டீசல் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன், வந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றான். போய்க் கேட்டேன், நன்றாகவே இருந்தது.

வண்டி எடுத்த அன்று அவனுக்கு ஒன்றைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன், பி.எஸ்.6 டீசல் வைத்திருக்கும் மற்றவர்களும் குறித்துக்கொள்ளலாம். கரி வடிகட்டியில் சேரும் கரியை எஞ்சின் தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். தாராவிக்கும் தாதருக்கும் இடையிலேயே ஒரு வாரம் ஓடினால் சூடேறாது. அப்போது மீட்டரில் வடிகட்டி விளக்கு எரியும். எரிந்தால் பயந்துபோய் எஞ்சினை அணைக்கக் கூடாது; அதிகாலையில் கிழக்கு விரைவுச் சாலையில் ஏறி, தாணே வரை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்ட வேண்டும். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அணையாமல் மின்னத் தொடங்கினால் அன்றைக்கே சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.